ஸ்டாண்டு போட்ட பிறகு: வாசகர் கேள்வி பதில்

நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குக் கிளம்புவது பற்றி இந்தப் பகுதியில் பலமுறை எழுதியாயிற்று. எந்த டயர், எத்தனை கிலோ சுமை, நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் என்ற கேள்விகளுக்கே திரும்பத் திரும்ப விடை சொல்லி அலுத்துப்போய், பயணத்தை முடித்தவர்களும் எழுதலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி சேர்த்திருந்தோம். வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிடக் கனமானவை. வந்து சேர்ந்தாயிற்று, இனி என்ன என்ற ஒரே கேள்விதான் அவற்றில் பெரும்பாலானவற்றில் வெவ்வேறு வேடத்தில் வந்திருக்கிறது. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: தனியாக 63 நாள் சைக்கிள் மிதித்து, நினைத்த இடத்தில் பயணத்தை முடித்தேன். காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள், மாலை போட்டார்கள், ஒரு தோழி அழுதேவிட்டாள். எனக்கு மட்டும் அழுகையும் வரவில்லை, மகிழ்ச்சியும் வரவில்லை. புகைப்படங்களில் என் முகத்தைப் பார்த்தால் வேறு யாருடைய விழாவுக்கோ வந்தவள் போல் நிற்கிறேன். இது கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. அந்தக் கடைசி நிமிடத்தைக் கிளம்பிய நாள் தொட்டு எத்தனை முறை மனத்துக்குள் நடத்திப் பார்த்திருப்பீர்கள் என்று எண்ணிப்பாருங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோதும், எதிர்காற்றில் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்கூடப் போக முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தபோதும், அந்தக் கைதட்டலைத்தானே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழித்துக்கொண்டு வந்தீர்கள்? உண்மையான கைதட்டல் வந்தபோது பையில் சில்லறைதான் மிஞ்சியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சாலையில் இருக்கிறவரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. மாலையில் கால் துவண்டு, தண்ணீர்ப் புட்டி காலியாகி, இன்று எங்கே படுப்பது என்று தெரியாத நிலையில், கூரையுள்ள ஓர் இடமும் ஒரு குழாயும் கண்ணில் பட்டால் வருகிற நிம்மதிக்கு ஈடான மகிழ்ச்சியை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. அப்படி 62 மாலைகளை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அறுபத்து மூன்றாவது மாலையில் தேட வேண்டியது எதுவும் இல்லை. தண்ணீர் இருக்கிறது, படுக்கை இருக்கிறது, மாலைகூட இருக்கிறது. தேவை இல்லாத இடத்தில் நிம்மதிக்கும் வேலை இல்லை.

முடிவு என்பது எங்கே இருக்கிறது என்பதே அவ்வளவு தெளிவான சங்கதி அல்ல. சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்று போற்றப்படும் தாமஸ் ஸ்டீவன்ஸ், 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உயரச் சக்கரச் சைக்கிளில் கிளம்பி, கடல் வந்த இடங்களில் கப்பலேறி, நிலத்தில் ஏறத்தாழ 13,500 மைல் மிதித்து, 1886 டிசம்பர் 17 அன்று ஜப்பானின் யோகோஹாமாவில் தம் சைக்கிள் பயணத்தை முடித்தார். ஆனால் வட்டம் யோகோஹாமாவில் மூடவில்லை. அதன் பிறகு அவர் கப்பலில் பசிபிக் கடலைக் கடந்து, அடுத்த ஜனவரியில்தான் சான் பிரான்சிஸ்கோ திரும்பினார். உலகைச் சுற்றி முடித்தவர், சுற்றின் கடைசிப் பகுதியைச் சும்மா உட்கார்ந்துகொண்டே கடந்திருக்கிறார். அவருக்குப் பயணம் எந்த நொடியில் முடிந்தது என்று யார் சொல்வது?

உங்களுக்கும் அது வந்து சேரும், ஆனால் சொல்லிக்கொண்டு வராது. நான் 41 நாள் பயணம் முடித்துத் திரும்பியபோதும் வாசலில் இப்படித்தான் மரம் போல் நின்றேன். பதினோராம் நாள் மேசை இழுப்பறையில் எதையோ தேடுகையில் என் கையுறை அகப்பட்டது. வியர்வையும் அழுக்கும் காய்ந்து விறைத்துப்போய், விரல்கள் ஹேண்டில்பாரைச் சுற்றிய வளைவிலேயே நின்றது. உள்ளே கை இல்லாமலே எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. இழுப்பறையை மூடவும் முடியாமல் அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி: என் கணவர் மூன்று மாத சைக்கிள் பயணத்திலிருந்து திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. வீட்டில் இருந்தும் இல்லாதவர் போலிருக்கிறார். இருட்டினதும் படுத்துவிடுகிறார், விடியுமுன் எழுந்து வாசலில் நிற்கிறார். இந்த வீட்டை மூன்று மாதம் தனியாகச் சுமந்தது நான். ஆனால் களைத்துப்போனவர் அவர் என்பது போல் எல்லோரும் பேசுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவற்றைத்தான் நீங்கள் தயங்கி எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒருவர் மூன்று மாதம் போனால், மற்றவர் மூன்று மாதம் இருந்தார் என்று பொருள். இருப்பதற்கு மைல்கல் கிடையாது. யாரும் வந்து வழியில் நின்று கையசைக்கவும் மாட்டார்கள். அவர் தம் பயணத்தைச் சொல்லத் தொடங்கும் முன், இந்த மூன்று மாதத்தில் வீட்டில் நடந்ததை ஒரு மாலை முழுக்க அவர் உட்கார்ந்து கேட்கட்டும் என்பது என் கருத்து. அவருக்கு அது தண்டனை ஆகாது, மருந்தாகவே இருக்கும். அவர் இல்லாதபோது எந்த நாளில் எது உடைந்தது, யார் வந்தார், எதை நீங்களே முடிவெடுத்தீர்கள் என்பது தெரியாதவரை, அவர் திரும்பி வந்திருப்பது அவர் விட்டுப்போன வீட்டுக்குத்தான். அந்த வீடு இப்போது இல்லை.

இனி அவர் நிலை. சாலையில் ஒருவன் நாள் முழுவதும் எடுக்கும் முடிவுகள் சிறியவை, உடனே பலன் தருபவை: இடப்பக்கமா வலப்பக்கமா, இப்போதே நிரப்புவதா அடுத்த ஊரிலா, மழைக்கு ஒதுங்குவதா நனைவதா. மூன்று மாதம் இப்படிப் பழகிய மனத்துக்கு வீட்டின் முடிவுகள் பிடிபடுவதில்லை, ஏனென்றால் அவை பெரியவை, பலன் எப்போது வரும் என்று தெரியாதவை. அதனால் தொடக்கத்தில் அவருக்குக் கையால் செய்து அன்றே முடிகிற வேலைகளைக் கொடுங்கள். நெடுநாள் கழன்று தொங்கும் கதவுக் கீலைப் பூட்டுவது போன்ற ஒன்று, பத்து அறிவுரையைவிட நல்லது. இருட்டினதும் படுப்பது குறித்துக் கவலைப்பட வேண்டாம். வெயிலோடு எழுந்து வெயிலோடு அடங்கிய உடல், சில வாரங்களில் தானாக வழிக்கு வரும்.

ஆனால் ஐந்து வாரம் என்பது எட்டு, பத்து என்று நீண்டு, உணவில் விருப்பம் போய், தூக்கமும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லை என்று அவர் பேசத் தொடங்கினால், அதைப் பயணக் களைப்பு என்ற கணக்கில் எழுதிவிடாதீர்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

கேள்வி: பயணம் முடிந்து பத்து நாளாகியும் இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருக்கின்றன. சட்டைப் பொத்தான் போடுவது சிரமமாக இருக்கிறது. தானே சரியாகுமா?

பதில்: முழங்கையிலிருந்து முன்கையின் உட்புறமாக இறங்கும் அல்னார் நரம்பு, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியே உள்ளங்கைக்குள் நுழைகிறது. ஹேண்டில்பாரில் நாள்கணக்கில் உடல் எடையைச் சாய்த்து ஓட்டும்போது அந்த இடம் நசுங்குகிறது. நீங்கள் சொல்லும் இரண்டு விரல்கள் மட்டும் மரப்பது அதன் அடையாளம், நெடுந்தூரம் ஓட்டுபவர்களிடையே மிகவும் பழக்கமான ஒன்று. அழுத்தத்தை நிறுத்திய பின் பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. ஆனால் பொத்தான் போட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உணர்ச்சி குறைவதைவிடப் பிடிவலு குறைவது கவனிக்க வேண்டிய விஷயம். ஆகையால் காத்திருக்காமல் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை சைக்கிளைத் தொட வேண்டாம். குணமான பின் மீண்டும் ஓட்டும்போது சீட்டின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி, முழுச் சுமையும் கையில் விழும்.

கேள்வி: சைக்கிளை நிறுத்தி மூன்று வாரமாகிறது, ஆனால் பசி நிற்கவில்லை. சாலையில் சாப்பிட்டது போலவே சாப்பிடுகிறேன். உழைத்துப் பெற்ற உடல்வலு எவ்வளவு நாள் தங்கும்?

பதில்: சுமையோடு நாளுக்கு நூறு கிலோமீட்டர் மிதிப்பவர் அந்த உழைப்புக்கு மட்டுமே ஏறத்தாழ 2,000 முதல் 3,000 கிலோகலோரி வரை எரிக்கிறார். அந்தச் செலவு ஒரே நாளில் நின்றுவிடுகிறது, பசிக்கு மட்டும் யாரும் தந்தி அடிப்பதில்லை. அதிகப்படியாகச் சேர்ந்திருந்த ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கண்கூடாக இறங்கும். முழுவதும் போய்விடாது. வாரத்தில் மூன்று நாள் ஓரளவு முனைப்புடன் ஓட்டினாலே பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். திரும்பி வந்த பலர், இதயமும் நுரையீரலும் வலுவாக இருக்கும் தைரியத்தில் மறுவாரமே ஓட்டப்பயிற்சியில் இறங்கி முழங்காலையும் கணுக்காலையும் கெடுத்துக்கொள்கிறார்கள். சைக்கிளில் உங்கள் எடையைச் சீட் தாங்கியது. எலும்பும் தசைநாணும் தரையின் அதிர்ச்சியைச் சந்தித்து மாதங்களாகின்றன. மூச்சு ஒத்துழைக்கிறது என்பதற்காகக் காலும் ஒத்துழைக்கும் என்று நம்பாதீர்கள். நடையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: எல்லோரும் "எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். சொல்லத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள் அவர்கள் கண் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. யாருக்குத்தான் இதைச் சொல்வது?

பதில்: கேட்பவர்மீது எனக்குக் கோபமில்லை. "எப்படி இருந்தது?" என்பது பாதி கேள்வி, பாதி வணக்கம். வணக்கத்துக்கு யாரும் 4,000 கிலோமீட்டரைப் பதிலாகத் தருவதில்லை. அவர்களுக்கு முழுப் பயணத்தையும் சொல்ல முயலாமல் ஒரே ஒரு சம்பவத்தை, அதுவும் ஊரோ தூரமோ நாள்கணக்கோ வராத ஒன்றைச் சொல்லுங்கள். பாதி இரவில் கூடாரத்துக்கு வெளியே மூச்சு கேட்டு நடுங்கிப்போய் விளக்கடித்தால், ஒரு பசு உங்கள் சீட்டில் காய்ந்திருந்த வியர்வை உப்பை நக்கிக்கொண்டிருந்தது என்பது போல. கேட்டவர் சிரிப்பார். மேலும் கேட்பவர் ஒருவர் அங்கே இருந்தால், அவர் அன்றோ மறுநாளோ தனியே வந்து கேட்பார். உங்கள் மிச்சக் கதை அவருக்கு.

சொல்லும்போது கதை வளர்வதையும் கவனியுங்கள். சைக்கிளில் உலகைச் சுற்றுவதாகச் சொல்லி 1894 ஜூனில் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1895 செப்டம்பரில் சிகாகோவில் பயணத்தை முடித்த அன்னி லண்டன்டெர்ரி, வழியெங்கும் பத்திரிகைகளுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத வரலாறுகளைச் சொன்னவர். ஒரு நிருபரிடம் அனாதை, இன்னொருவரிடம் பெருஞ்சொத்துக்கு வாரிசு. உண்மையில் அவர் மூன்று குழந்தைகளின் தாய். தூரத்தின் பெரும்பகுதி கப்பலில் போனது. எனக்கு அவர்மீது மதிப்பு குறையவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியே சைக்கிளோடு புறப்பட்டதே போதும், பொய்யே தேவைப்பட்டிருக்காது என்ற வருத்தம்தான். உங்களுக்கு அந்த நிர்ப்பந்தமும் இல்லை. ஆகவே மறக்குமுன் எழுதி வைத்துவிடுங்கள். நல்ல காட்சிகள் தாமாகவே நினைவில் நிற்கும். போய்விடுவது வேறு: எந்த நாளில் மனம் ஒடிந்தது, யாரிடம் எரிந்து விழுந்தீர்கள், திரும்பிவிடலாம் என்று எத்தனை முறை தோன்றியது என்பவை. இரண்டு வருடம் கழித்து நீங்கள் சொல்லப்போகும் கதையில் அந்த நாட்கள் இருக்காது. நோட்டில் இருந்தால்தான் உண்டு.

கேள்வி: 2,300 கிலோமீட்டர் திட்டமிட்டுக் கிளம்பினேன். 180 கிலோமீட்டர் மிச்சமிருக்கையில் கடுங்காய்ச்சல். சைக்கிளைப் பேருந்தின் மேல் கட்டிக்கொண்டு திரும்பினேன். இப்போது நண்பர்கள் நான் பயணத்தை முடித்ததாகவே அறிமுகப்படுத்துகிறார்கள். மறுக்கவும் கூசுகிறது, ஒப்புக்கொள்ளவும் கூசுகிறது.

பதில்: இதில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று விதிப்படி எழுதப்படுவது. பிரான்ஸில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டத்தில், பெரும்பாலோருக்கு விதிக்கப்படும் உச்ச வரம்பு 90 மணி நேரம். அதைத் தாண்டி வருபவர் எவ்வளவு தீரமாக வந்திருந்தாலும் முடித்தவர் பட்டியலில் இல்லை. அந்தப் புத்தகத்தில் இரக்கத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. நீங்கள் திட்டமிட்ட தூரத்தை முடித்தீர்களா என்று கேட்டால், முடிக்கவில்லை. நண்பர் தவறாக அறிமுகப்படுத்தும்போது "180 பாக்கி இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். கூச்சம் அந்த ஒரு வாக்கியத்தோடு போய்விடும். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு அறிமுகத்திலும் வளரும்.

ஆனால் விதிகளும் காலத்துக்குக் காலம் மாறுபவை. இன்று சைக்கிளில் உலகைச் சுற்றிய சாதனைக்கு கின்னஸ் புத்தகம் 18,000 மைல் மிதித்திருக்க வேண்டும், கிளம்பிய இடத்திலேயே முடித்திருக்க வேண்டும் என்கிறது. 2017-இல் மார்க் பியூமாண்ட் அந்தத் தூரத்தை 79 நாட்களுக்குள் முடித்தது அந்த விதிப்படிதான். மேலே சொன்ன ஸ்டீவன்ஸை இந்த அளவுகோலில் நிறுத்தினால் அவர் தேறமாட்டார். முதல் மனிதரே தேறாத தேர்வு அது.

இரண்டாவது கணக்கு உங்களுடையது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு இளைஞர்கள் உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்து, 1928 மார்ச்சில் திரும்பியவர்கள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்காரா என்ற மூவர். மற்ற மூவர் வழியில் பிரிந்தார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட முடிவு செய்தார். அவர் பயணத்தை முடிக்கவில்லையா, அல்லது மற்றவர்களுக்கு முன்பே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாரா? என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. உங்கள் விஷயத்தில் தீர்ப்பு எளிது: காய்ச்சலோடு மிதித்திருந்தால் முட்டாள்தனம், நிறுத்தியது சரி. அந்த 180 கிலோமீட்டரை அடுத்த விடுமுறையில் போய் ஓட்டலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டுங்கள், ஆனால் பழைய கடனை அடைக்கிற முகத்தோடு போகாதீர்கள்.

கேள்வி: பயணத்துக்குப் பயன்பட்ட சைக்கிளை விற்பதா, சுவரில் மாட்டுவதா, தொடர்ந்து ஓட்டுவதா?

பதில்: ஓட்டுங்கள். சுவரில் மாட்டிய சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாடம் செய்த மான்தலை நினைவுக்கு வருகிறது. விற்பதாக இருந்தாலும் ஆறு மாதம் பொறுங்கள். இப்போது எடுக்கும் முடிவு சைக்கிளைப் பற்றியதாக இருக்காது.

எதைச் செய்வதானாலும் முதலில் நீங்களே அதைக் கழுவிப் பிரித்துப் பாருங்கள். நான் அந்தச் சோம்பலுக்கு விலை கொடுத்தவன். திரும்பிய மறுநாளே ஒரு கடையில் கொண்டுபோய் விட்டேன். அங்கே வேகத்தில் நீரைப் பீய்ச்சி அடித்துப் பளபளவென்று தந்தார்கள். மண் போனதோடு பால்ரஸுக்குள் இருந்த கிரீஸும் போயிற்று. உள்ளே புகுந்த நீர் அடுத்த மாதம் பின்சக்கர ஹப்பில் துருவாகக் கரகரத்தது. ஈரத்துணி, பழைய பல்துலக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பிற்பகல் போதும்.

செயினில் ஓர் ஊசியின் மையத்திலிருந்து அடுத்த ஊசியின் மையம் வரை அரை அங்குலம். ஆகவே 24 கணுக்கள் புதிய செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். ஓர் இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், தள்ளியிருந்தால் செயினை மாற்றும் காலம். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பல்சக்கரங்களையும் அது தின்றிருக்கும். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கமே தவிர, இரும்பு ரப்பர் போல் இழுபடவில்லை. ஊசிகளும் அவை உட்கார்ந்த துளைகளும் தேய்ந்த இடைவெளிகள் கணுக்குக் கணு சேர்ந்து நிற்கின்றன. என் செயினில் அந்தச் சேர்க்கை இரண்டு மில்லிமீட்டர் இருந்தது. 41 நாளை நான் கையால் தொட்டு அளந்தது அந்த ஒரு முறைதான்.

கேள்வி: பயணத்தை முடிக்கவே முடிக்காமல் வாழ்ந்துவிட முடியாதா?

பதில்: ஜெர்மனியின் ஹைன்ஸ் ஸ்டூக்கே ஏறக்குறைய அப்படித்தான் வாழ்ந்தார். 1962-இல் கிளம்பியவர், தம் பயணம் பற்றிய சிறு கையேட்டை விற்றுச் செலவைச் சமாளித்து, ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, 2014-இல்தான் சொந்த ஊரான ஹோவல்ஹோஃபுக்குத் திரும்பினார். ஐம்பது ஆண்டுக்கு மேல் போனவரும் கடைசியில் திரும்பினார் என்று படிக்கலாம், திரும்புவதற்கு ஐம்பது ஆண்டு ஆயிற்று என்றும் படிக்கலாம். உங்கள் கேள்வி அந்த இரண்டில் எதை ஆசைப்படுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமை எழுதிய கடிதம் என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த மாதம் இதே கேள்வியை மறுபடி எழுதுங்கள், அப்போது விரிவாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இந்தக் கடிதத்தை வழியிலிருந்து எழுதுகிறேன். இன்னும் மூன்று நாளில் என் பயணம் முடிந்துவிடும். இந்த மூன்று நாளை எப்படிக் கழிப்பது?

பதில்: உங்கள் கடிதம் கைக்கு வந்து, இது அச்சாகி வெளிவருவதற்குள் நீங்கள் வீடு சேர்ந்திருப்பீர்கள். ஆனாலும் இதே நிலையில் அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு உதவட்டும்.

முடிவு நெருங்க நெருங்க வேகம் கூடும், அதை நம்பாதீர்கள். நாளைக்கு ஒதுக்கிய தூரத்தையும் இன்றே முடித்துவிடத் தோன்றும், இருட்டிலும் ஓட்டத் தோன்றும். இத்தனை நாள் நீங்கள் மதித்த விதிகளை, அதாவது வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குவது, காலையில் பிரேக்கையும் சக்கரக் கோட்டத்தையும் பார்ப்பது ஆகியவற்றை, கடைசி நாளன்றுதான் கூடுதலாகக் கடைப்பிடிக்க வேண்டும். வரவேற்க வருபவர்களிடம் நேரத்தைச் சற்றுத் தள்ளியே சொல்லுங்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே முதுகில் கைவைத்துத் தள்ளும். முடிந்தால், முடிவிடத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்பாக ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். சைக்கிளைக் கண்ணெதிரே சாய்த்து வைத்துப் பாருங்கள். டயரில் பதிந்த கல், கேரியரில் தேய்ந்த பெயின்ட், பாதி அறுந்து முடிச்சுப் போட்ட கயிறு என்று ஒவ்வொன்றும் எங்கே நேர்ந்தது என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரியும். வாசலில் தெரியாது, அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சாமான்களைத் தானம் செய்வதற்கும் அவசரம் வேண்டாம். முடிவுக்கு முந்தைய நாள் எனக்கு எல்லோர்மீதும் அன்பு பெருகியது. எதிரே வந்த, பயணத்தைத் தொடங்கி நான்கே நாளான ஓர் இளைஞருக்கு என்னிடமிருந்த ஒரே உபரி ட்யூபைக் கொடுத்துவிட்டேன். இனி எனக்கெதற்கு, 90 கிலோமீட்டர்தானே என்று பெரிய மனத்தோடு சொன்னது நினைவிருக்கிறது. மறுநாள் பிற்பகல் பின்சக்கரத்து ட்யூபின் வால்வு அடியோடு பிய்ந்துவிட்டது. அந்த இடத்தில் எந்தப் பஞ்சர் ஒட்டும் நிற்காது. ஒன்பது கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடையில், அதுவரை சைக்கிளில் ஒருமுறைகூடக் காதில் விழாத என் சொந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனேன். வாசலில் நின்றிருந்தவர்கள் கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, "ஏன் நடந்து வருகிறாய்?" என்று கேட்டார்கள்.